அஸ்வானில் நான்கு இரவு: அவசரமில்லாதவர்களுக்கு ஒரு முழு வழிகாட்டி

எகிப்துக்குப் போகிறவர்களில் பெரும்பாலோர் அஸ்வானைக் கப்பலின் ஜன்னல் வழியாகத்தான் பார்க்கிறார்கள். வடக்கே லக்சர் ஊரில் ஏறி, வழியில் இரண்டு கோயில்களைப் பார்த்து, அஸ்வானில் இறங்குவார்கள். காலையில் ஃபிலே கோயில், அணையில் பத்து நிமிடம், மதியம் விமான நிலையம். அவ்வளவுதான். இந்த வழிகாட்டி அப்படிப் போகிறவர்களுக்கானது அல்ல. நான்கு இரவு தங்கி, காலையில் ஓரிடம் பார்த்துவிட்டு, மீதி நாளை ஆற்றங்கரையில் கழிக்கத் தயாராக இருப்பவர்களுக்கானது. மூன்று இரவுதான் முடியும் என்றால் தெற்கே தொலைவிலிருக்கும் அபூ சிம்பல் கோயிலை விட்டுவிடுங்கள், ஊரை விடாதீர்கள்.

முதலில் ஒரு திசைக் குழப்பத்தைத் தீர்த்துக்கொள்வோம். அஸ்வான் எகிப்தின் தென்கோடியில் இருக்கிறது, ஆனால் அந்தப் பகுதிக்குப் பெயர் மேல் எகிப்து. நைல் தெற்கிலிருந்து வடக்கே ஓடுகிறது. ஆறு வரும் பக்கம் மேடு, போகும் பக்கம் பள்ளம். நமக்கு இது புரியாத விஷயமல்ல. நம் நிலம் கிழக்கே சரிவதால்தானே மேல் என்பது மேற்காகவும் கீழ் என்பது கிழக்காகவும் ஆயின! அவர்களுக்கு மேல் என்பது தெற்கு. இதை மனதில் வைத்துக்கொண்டால் வரைபடமும் படகுக்காரர் பேச்சும் சட்டென்று பிடிபடும்.

மாதத்தை முடிவு செய்யுங்கள்

நவம்பர் முதல் பிப்ரவரி வரை. ஜனவரியில் பகலில் 23 டிகிரி போல இருக்கும், இரவில் 10க்குப் பக்கத்தில் இறங்கும். நம் ஊர்க்காரர்கள் பாலைவனம் என்றதும் பருத்திச் சட்டைகளை மட்டும் எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள். விடியற்காலைப் பயணங்களில் பல் கிட்டும். ஒரு ஸ்வெட்டரும் காதை மூட ஒரு துணியும் கட்டாயம். ஜூன், ஜூலையில் 42 டிகிரி சாதாரணம். வேலூர் வெயிலைப் பார்த்தவர்களுக்கும் அது வேறு ரகம், வியர்ப்பதே தெரியாமல் உடம்பு காய்ந்துவிடும்.

மழையைப் பற்றிக் கவலை வேண்டாம், அநேகமாகப் பெய்வதே இல்லை. 2021 நவம்பரில் அபூர்வமாக ஒரு பெருமழை அடித்து, வளைகளிலிருந்து வெளியே வந்த தேள்கள் ஐந்நூறு பேருக்கும் மேல் கொட்டின. பயமுறுத்த இதைச் சொல்லவில்லை, அங்கே மழை எவ்வளவு அரிது என்று காட்டத்தான். ரமலான் மாதம் எப்போது வருகிறது என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த மாதத்தில் பகலில் ஊர் உறங்கும், பார்வையிடும் நேரமும் குறையும். ஆனால் நோன்பு திறந்தபின் கடைத்தெரு விழிக்கிற அழகு தனி.

விசா, பணம், மருந்துப் பை

விசா விதி பாஸ்போர்ட்டைப் பொறுத்து மாறுகிறது, அடிக்கடியும் மாறுகிறது. விமான டிக்கெட் போடும் முன் உங்கள் நாட்டிலுள்ள எகிப்தியத் தூதரகத்தில் கேட்டுவிடுங்கள். ‘போய் இறங்கினால் கொடுப்பார்கள்’ என்று நண்பர் சொன்னதை நம்ப வேண்டாம்.

மருந்துப் பையில் ஒரு முக்கியமான விஷயம். டிராமடால் கலந்த வலி மாத்திரை எகிப்தில் கடுமையான கட்டுப்பாட்டுக்கு உட்பட்டது. மூட்டு வலிக்கு டாக்டர் எழுதிக் கொடுத்த மாத்திரை என்று நாம் எடுத்துப் போவதால் சிறை வரை போக நேரலாம். பெரியவர்களை அழைத்துப் போனால் அவர்கள் பையை ஒருமுறை பார்த்துவிடுங்கள். டிரோன் கேமராவும் கூடாது, விமான நிலையத்திலேயே பிடித்துக்கொள்வார்கள்.

பணம் எகிப்தியப் பவுண்டு. ஊரில் ‘கினே’ என்பார்கள். பெரிய சின்னங்களின் டிக்கெட் சாளரங்கள் பலவற்றில் இப்போது கார்டு மட்டும்தான் வாங்குகிறார்கள், ஆகவே வெளிநாட்டில் வேலை செய்யும் கார்டு ஒன்று வேண்டும். மற்ற எல்லாவற்றுக்கும் ரொக்கம், அதுவும் சில்லறை. படகு, கழிப்பறை, பையைத் தூக்கியவர், கதவைத் திறந்துவிட்ட காவலர் என்று நாள் முழுக்கச் சின்ன நோட்டு போய்க்கொண்டே இருக்கும். பக்‌ஷீஸ் என்ற சொல் நமக்குத் தெரிந்ததுதான், அதன் முழு அர்த்தம் எகிப்தில்தான் விளங்கும். சில்லறைக்கு அங்கே ‘ஃபக்கா’ என்று பெயர். பெரிய நோட்டைக் கொடுத்து மாற்ற நல்ல இடம் சூப்பர் மார்க்கெட். டாக்சிக்காரரிடம் எப்போதும் ஃபக்கா இருக்காது, இருந்தாலும் இருக்காது.

மின்சாரம் நம் வோல்டேஜ்தான். ஆனால் நம் மூன்று முனை பிளக் நுழையாது. போன் சார்ஜரின் மெல்லிய இரண்டு முனை நுழையும்.

எப்படிப் போவது

சென்னையிலிருந்து கெய்ரோவுக்கு வளைகுடா வழியாக மாறிப் போவதுதான் வழக்கம். கெய்ரோவிலிருந்து அஸ்வானுக்கு விமானத்தில் ஒன்றரை மணி நேரம். ரயிலில் சுமார் 880 கிலோமீட்டர், 12 முதல் 14 மணி நேரம். இரவு ரயிலில் படுத்துக்கொண்டும் போகலாம். வெளிநாட்டவருக்குத் தனிக் கட்டணம், அதில் பேரம் கிடையாது.

என் விருப்பம் வேறு. கெய்ரோவிலிருந்து லக்சருக்கு எப்படியாவது வந்துவிடுங்கள். அங்கே இரண்டு நாள் பார்த்துவிட்டு, பகல் நேர ரயிலில் அஸ்வானுக்கு வாருங்கள். மூன்று மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். வலப்பக்கம் ஜன்னல் இருக்கை கேளுங்கள். தண்டவாளம் கிழக்குக் கரையில் ஓடுகிறது, நைல் வலப்பக்கம்தான் வரும். கரும்புத் தோட்டம், பேரீச்சை, கழுதை வண்டி, அதற்கு அப்பால் திடீரென்று மஞ்சள் மலை. பச்சைக்கும் பாலைக்கும் நடுவே வரப்பு அளவுகூட இடைவெளி இருக்காது. ஒரு கால் வயலிலும் ஒரு கால் மணலிலும் வைத்து நிற்கலாம். ரயில் கடைசியாக நிற்பது அஸ்வான், எனவே தூங்கிவிட்டாலும் பயமில்லை.

எங்கே தங்குவது

மூன்று வழிகள். கிழக்குக் கரையில் ஊருக்குள் தங்கினால் ரயில் நிலையம், கடைத்தெரு, சாப்பாடு எல்லாம் நடக்கும் தூரம். மேற்குக் கரையில் கர்ப் சுஹைல், எகிப்தின் தெற்கிலும் சூடானின் வடக்கிலும் வாழ்ந்துவரும் நூபிய மக்களின் கிராமம், நீலமும் மஞ்சளுமாகச் சுவர் தீட்டிய வீடுகள், புகைப்படக்காரர்களின் சொர்க்கம். ஆனால் பகலில் சுற்றுலாப் படகுகள் வந்து இறங்கியதும் அது பொருட்காட்சி போல ஆகிவிடுகிறது.

நான் சொல்வது மூன்றாவது: ஆற்றின் நடுவே இருக்கும் எலிஃபண்டைன் தீவு. அங்கே கோட்டி, சிவூ என்று இரண்டு நூபியக் கிராமங்கள், வீடுகளிலேயே தங்க இடம் தருகிறார்கள். கார் இல்லை, சந்துகளில் கழுதையும் கோழியும் குழந்தைகளும்தான். மாலை ஆறு மணிக்கு மேல் பாங்கு ஒலிக்கும், அப்புறம் தவளைச் சத்தம். ஊருக்குப் போகவேண்டுமென்றால் பொதுப் படகில் ஏறி சில நிமிடங்களில் அக்கரை. படகில் பெண்கள் ஒரு பக்கம், ஆண்கள் ஒரு பக்கம் என்று உட்காருவதைப் பார்க்கலாம், அதையே பின்பற்றுங்கள். கனமான சூட்கேஸ் மட்டும் வேண்டாம். படகுத்துறைப் படியிலும் மண் சந்திலும் சக்கரம் உருளாது. நான் உருட்டப் பார்த்து, கடைசியில் தலையில் தூக்கிக்கொண்டு போனேன், தெருப் பிள்ளைகள் ஊர்வலமாகப் பின்னால் வந்தார்கள்.

எண்களைக் கற்றுக்கொள்ளுங்கள்

அரபி மொழி வேண்டாம், எண் மட்டும் போதும். ஒரு மணி நேரத்தில் வந்துவிடும், அந்த ஒரு மணி நேரம் பயணம் முழுக்கப் பணத்தை மிச்சப்படுத்தும். விலைப் பலகை, ரயில் பெட்டி எண், வண்டி எண் எல்லாம் அந்த எழுத்தில்தான். ஏமாற்றுவது இரண்டு: நம் சுழியம் போலத் தெரிவது 5; வெறும் புள்ளிதான் சுழியம். நம் 7 போல இருப்பது 6. மேலே திறந்த கூம்பு 7, அதைக் கவிழ்த்தால் 8. ஒரு கோடு 1. 9 நம் 9தான். எழுத்து வலமிருந்து இடம் போனாலும் எண்ணை நம்மைப் போலவே இடமிருந்துதான் படிப்பார்கள்.

சொற்களில் நான்கு போதும். ‘பிகாம்?’ என்றால் எவ்வளவு. ‘ஷுக்ரன்’ நன்றி. ‘லா, ஷுக்ரன்’ வேண்டாம், நன்றி. இதைச் சிரித்த முகத்துடன் நடையை நிறுத்தாமல் சொல்ல வேண்டும். நின்றால் பேச்சு வளரும். படகோட்டியை ‘யா ரயிஸ்’ என்று கூப்பிடுங்கள், தலைவரே என்பது போல. அந்த ஒரு சொல்லுக்கு முகம் மலரும்.

முதல் நாள்: தீவை விட்டு நகராதீர்கள்

வந்த களைப்பில் டாக்சி பிடித்து எங்கும் ஓட வேண்டாம். தீவின் தெற்கு முனையில் பழைய அபூ நகரத்தின் இடிபாடுகள் இருக்கின்றன. அபூ என்றால் யானை, தந்தம் இரண்டும்தான். தெற்கேயிருந்து தந்தம் வந்து கைமாறிய எல்லை நகரம். க்னூம், சதேத் என்ற தெய்வங்களின் கோயில்கள், கி.மு. 5ஆம் நூற்றாண்டில் இங்கே வாழ்ந்த யூதப் படைவீரர் குடியிருப்பு என்று அடுக்கடுக்காக மூவாயிரம் ஆண்டு மண். அந்த யூதர்கள் அரமேய மொழியில் எழுதிவைத்த திருமண ஒப்பந்தங்களும் வீட்டுப் பத்திரங்களும் பாப்பிரஸ் தாளில் நமக்குக் கிடைத்திருக்கின்றன.

நான் அதிக நேரம் உட்கார்ந்தது நீர்மானியின் படிக்கட்டில். ஆற்றுக்குள் இறங்கும் குறுகிய கல் படி, பக்கச் சுவரில் அளவுக் கோடுகள். வெள்ளம் எந்தக் கோட்டைத் தொட்டது என்று பார்த்து அந்த ஆண்டின் விளைச்சலைக் கணிப்பார்கள். விளைச்சல் தெரிந்தால் வரி தெரியும். அதிக வெள்ளம், அதிக வரி. குளத்து மதகில் நீர்மட்டம் பார்த்து வளர்ந்த நமக்கு இந்தக் கணக்கு உடனே புரிந்துவிடும்.

சுமார் இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் ஸ்ட்ராபோ என்ற கிரேக்கப் புவியியலாளர், எகிப்தை ஆண்ட ரோம ஆளுநர் ஏலியஸ் கல்லஸுடன் நைலில் இந்த ஊர் வரை வந்தார். அப்போது ஊரின் பெயர் சியேன். இந்த நீர்மானியை அவர் வர்ணித்திருக்கிறார். அந்தப் பயணத்தைப் பற்றிச் சொல்லும் இடத்தில்தான், செங்கடல் துறையான மியோஸ் ஹோர்மோஸிலிருந்து ஆண்டுக்கு 120 கப்பல்கள் வரை இந்தியாவுக்குப் போகின்றன என்று அறிந்ததாகவும் எழுதுகிறார். அந்தத் துறை இருந்த குசைர் அல் கதீமில் தமிழ்பிராமியில் ‘பானை ஒறி’ என்று எழுதிய ஓடு கிடைத்தது. நாம் சொல்லும் உறிதான். நம் மிளகு ஒட்டகத்தில் பாலையைக் கடந்து, வடக்கே கோப்டோஸில் நைலை அடைந்து, படகில் அலெக்சாந்திரியா போயிற்று. அஸ்வான் அந்தப் பாதையில் இல்லை. ஆனாலும் அந்தப் படியில் உட்கார்ந்து இதை நினைக்காமல் இருக்க முடியவில்லை.

இதே சியேனில் கோடைத் திருப்பத்து நண்பகலில் சூரியன் கிணற்றின் அடிவரை நேராக விழும் என்று கேட்டுத்தான், கிரேக்க அறிஞர் எரடோஸ்தெனிஸ் அலெக்சாந்திரியாவின் நிழல் கோணத்தை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். கடக ரேகைக்குச் சற்று வடக்கே இருப்பது ஊருக்கு வாய்த்த அதிர்ஷ்டம்.

படகு: மாலை, பாய்மரம், பேரம்

ஃபெலுக்கா என்ற பாய்மரப் படகுக்குத்தான் அஸ்வானில் இருப்பதிலேயே அதிக நேரம் ஒதுக்க வேண்டும். இங்கே ஆறு கருங்கற் பாறைகளுக்கு நடுவே புகுந்து வருகிறது, நைலின் முதல் பாறை அடுக்கு இது. பாறைகள் குளிக்கும் யானைகளின் முதுகு போல மழுங்கியிருக்கும்.

இந்த ஆற்றின் வசதியே காற்றும் நீரும் எதிரெதிராகப் போவதுதான். நீரோட்டம் வடக்கே, காற்று பெரும்பாலும் வடக்கிலிருந்து தெற்கே. மேலே போகப் பாயை விரிக்கலாம், திரும்பி வரச் சுருட்டிவிட்டு ஓட்டத்தோடு விட்டுவிடலாம். பழைய எகிப்திய எழுத்தில் ‘தெற்கே பயணம்’ என்பதற்குப் பாய் விரித்த படகையும், ‘வடக்கே பயணம்’ என்பதற்குப் பாய் இல்லாத படகையும் வரைந்தார்கள். ஒரு நாட்டையே கட்டி ஆள உதவிய காற்று இது.

படகு பேசும் முறை: காலையிலேயே கரையில் நடந்து இரண்டு மூன்று பேரிடம் விலை கேளுங்கள். ஆளுக்கு எவ்வளவு என்று கேட்காதீர்கள், முழுப் படகுக்கு ஒரு மணி நேரத்துக்கு எவ்வளவு என்று கேளுங்கள். சூரியன் மறைவதற்கு இரண்டு மணி நேரம் முன்பு கிளம்புங்கள். காற்று நின்றுவிட்டால் என்ன செய்வது என்பதையும் முன்பே பேசிவிடுங்கள். மோட்டார் படகு வந்து இழுத்துப் போகும், அதற்குத் தனிக் காசா என்ற கேள்வி நடு ஆற்றில் வரக்கூடாது. எனக்கு வந்தது. வழியில் சின்னப் பையன்கள் பலகை போன்ற குட்டிப் படகில் கையால் துடுப்புப் போட்டு வந்து, உங்கள் படகைப் பிடித்துக்கொண்டு பாட்டுப் பாடுவார்கள். என்ன கொடுப்பது என்பது உங்கள் மனசு.

வழியில் தாவரத் தீவில் இறங்கலாம். ஆங்கிலேயத் தளபதி கிச்சனருக்குக் கிடைத்து, அவர் மரங்கள் வரவழைத்து வளர்த்த தோட்டம். நடக்கும்போது நம் ஊர் மரம் ஒன்றிரண்டு கண்ணில் படும்.

ஆற்றில் குளிக்கலாமா என்று கேட்பீர்கள். கரையோரத் தேங்கிய நீரில் வேண்டவே வேண்டாம், நத்தை வழியாகத் தோலுக்குள் புகும் ஒட்டுண்ணி உண்டு.

இரண்டாம் நாள்: ஃபிலே, கல் குவாரி

ஃபிலே கோயிலுக்குக் காலையில் திறந்த உடனே போய்விடுங்கள். ஷெல்லால் படகுத்துறை வரை டாக்சி, அங்கிருந்து படகு. கோயில் டிக்கெட் வேறு, படகுக் கூலி வேறு. போக, காத்திருக்க, திரும்பி வர மூன்றையும் சேர்த்துப் பேசுங்கள், பணத்தைத் திரும்பி வந்தபின் கொடுங்கள்.

ஐசிஸ் தேவியின் இந்தக் கோயில் இப்போது இருப்பது அதன் சொந்தத் தீவில் அல்ல. 1902இல் கட்டிய பழைய அணை வந்ததிலிருந்து ஆண்டில் பல மாதம் தண்ணீருக்குள் நின்றது. பெரிய அணை வந்ததும் யுனெஸ்கோ முன்னின்று, கல் கல்லாகப் பிரித்து, பக்கத்திலிருந்த அகில்கியா தீவில் அடுக்கி, 1980இல் திறந்தார்கள். தூண்களில் தண்ணீர் நின்ற கறை இன்னும் தெரிகிறது. மேற்குப் பக்கமுள்ள ஹாட்ரியன் வாசலைக் கேட்டுப் போய்ப் பாருங்கள். நமக்குத் தெரிந்தவரை கடைசியாகச் செதுக்கப்பட்ட சித்திர எழுத்து அங்கேதான், கி.பி. 394 ஆகஸ்ட் 24. மூவாயிரம் ஆண்டுக்கும் மேல் புழங்கிய ஓர் எழுத்து முறை தேதியோடு முடிகிற இடம். வழிகாட்டிகள் அவசரத்தில் இதைக் காட்டுவதில்லை.

திரும்பும் வழியில் முடிக்கப்படாத தூண். பாறையிலிருந்து முழுதாகப் பெயர்க்கப்படாமலே படுத்துக் கிடக்கிறது. சுமார் 42 மீட்டர் நீளம், எழுந்து நின்றிருந்தால் ஆயிரம் டன்னைத் தாண்டியிருக்கும். விரிசல் விட்டதால் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இரும்பு உளி இல்லாத காலம், டோலரைட் என்ற கடினக் கல்லைக் கையில் பிடித்து இடித்து இடித்தே கிரானைட்டைக் குடைந்திருக்கிறார்கள். குழிவுகளைத் தொட்டுப் பாருங்கள். நிழல் இல்லை, அரை மணி நேரம் போதும்.

பெரிய அணை? 1960இல் தொடங்கி 1970இல் முடித்தது, பின்னால் கடல் போல நாசர் ஏரி. பார்க்க ஒரு நீண்ட சாலைதான். அதற்குச் செலவிடும் நேரத்தை நூபிய அருங்காட்சியகத்தில் கழியுங்கள். அந்த ஏரிக்கு அடியில் போன கிராமங்களின் கதை அங்கே இருக்கிறது. எகிப்துப் பகுதியில் மட்டும் சுமார் 50,000 நூபியர்கள் வீடு விட்டு, கோம் ஓம்போ பக்கம் குடியேற்றப்பட்டார்கள். தீவில் உங்களுக்கு இஞ்சி தட்டிப்போட்ட ஜபனா காப்பி ஊற்றித் தரும் பாட்டியம்மாவுக்கு அது அருங்காட்சியகம் அல்ல, தாய்வீடு. கேட்டால் சொல்வார்கள், கேட்காமல் படம் எடுக்காதீர்கள்.

மூன்றாம், நான்காம் நாள்: அக்கரை மலை, அபூ சிம்பல்

ரயில் நிலையத்துப் பக்கத்துத் துறையிலிருந்து மேற்குக் கரைக்குப் பொதுப் படகு உண்டு. இறங்கி மேலே மணல் சரிவில் ஏறினால் குப்பெத் அல் ஹவா, பழைய ஆளுநர்களின் கல்லறைக் குகைகள். காலை வெயில் முகத்தில் விழும் இடம், சீக்கிரம் போங்கள். ஹர்கூஃப் என்பவரின் கல்லறை வாசலில் சிறுவனாக அரியணை ஏறிய இரண்டாம் பெப்பி எழுதிய கடிதம் செதுக்கப்பட்டிருக்கிறது. தெற்கேயிருந்து ஒரு குள்ளக் கூத்தனை ஹர்கூஃப் அழைத்து வருகிறார் என்று கேட்டு அரசன் குதிக்கிறான்: தண்ணீரில் விழுந்துவிடாமல் ஆள் போட்டுப் பார்த்துக்கொள், இரவில் பத்து முறை எழுந்து பார் என்கிறான். நாலாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு குழந்தையின் பரபரப்பு.

அபூ சிம்பல் போவதென்றால் 280 கிலோமீட்டர் தெற்கே. வண்டிகள் விடியுமுன் நான்கு மணிவாக்கில் கிளம்பும், தங்குமிடத்திலேயே ஏற்பாடு செய்வார்கள். 1964 முதல் 1968 வரை மலையையே அறுத்து 65 மீட்டர் உயரே ஏற்றிய கோயில், பார்க்கத்தான் வேண்டும். எல்லா வண்டியும் ஒரே நேரத்தில் போய்ச் சேர்வதுதான் தொல்லை. வசதி இருந்தால் அங்கேயே ஓர் இரவு தங்குங்கள், மதியத்துக்கு மேல் கோயிலைக் கட்டிய அரசன் ரம்சேஸும் நீங்களும்தான். பிப்ரவரி 22, அக்டோபர் 22 இரண்டும் கருவறைக்குள் சூரியன் நுழையும் நாட்கள். கூட்டம் பிடிக்குமென்றால் மட்டும் அன்றைக்குப் போங்கள்.

சாப்பாடும் கடைத்தெருவும்

சைவர்களுக்கு அஸ்வான் கஷ்டமில்லை. காலையில் ஃபூல், அவித்து மசித்த மொச்சை போல, தாமியா என்ற பருப்பு வடை, ரொட்டி. மதியம் கொஷரி: சோறு, பருப்பு, மக்ரோனி, கொண்டைக்கடலை, மேலே முறுகிய வெங்காயம், தக்காளிச் சாறு. இதெல்லாம் ஒரே தட்டிலா என்று முதலில் தோன்றும். இரண்டாம் நாள் தேடிப் போவீர்கள். வெண்டைக்காய்க் குழம்பிலும் மொலோகியாக் கீரையிலும் கறிச்சாறு இருக்கும், கேட்டுச் சாப்பிடுங்கள். ‘சியாமி’ என்ற சொல் கைகொடுக்கும். காப்டிக் கிறிஸ்தவர்கள் நோன்பு நாட்களில் சாப்பிடும் உணவு அது, இறைச்சி, முட்டை, பால் எதுவும் இருக்காது. கரும்புச் சாற்றுக்கு ‘அசப்’ என்று பெயர். குழாய்த் தண்ணீர் வேண்டாம்.

கடைத்தெருவுக்கு இரவு எட்டு மணிக்கு மேல் போங்கள். வாங்க வேண்டியது கர்க்கதே, காய்ந்த புளிச்சைப் பூ; நம் புளிச்சக்கீரைக்கு நெருங்கிய சொந்தம். உடையாத, கருஞ்சிவப்பான பூவாகப் பார்த்து எடுங்கள். தூள் வேண்டாம். வாங்கக் கூடாதது குங்குமப்பூ. குவியலாக, மலிவாக வைத்திருப்பது பெரும்பாலும் குசும்பாப் பூ. நிறம் வரும், மணம் வராது. கடைசிக் கடையில் சொல்லும் விலைக்கும் முதல் கடையில் சொன்ன விலைக்கும் நடுவே எங்கோ உண்மை இருக்கிறது, எனவே முதல் நாள் வாங்காமல் கேட்டுக்கொண்டே நடந்து வாருங்கள். தேநீர் கொடுத்தால் குடிக்கலாம், குடித்ததற்காக வாங்கவேண்டியதில்லை.

கிளம்பும் நாள்

ஒரு கார் பேசி வடக்கே போங்கள். 45 கிலோமீட்டரில் கோம் ஓம்போ, முதலைத் தலை சோபெக்குக்கும் பருந்துத் தலை ஹோரஸுக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கட்டிய இரட்டைக் கோயில். பக்கத்தில் முதலை மம்மிகளுக்கென்று ஓர் அருங்காட்சியகம். இன்னும் வடக்கே எட்ஃபூ, முழுதாக நிற்கும் பெரிய கோயில். இரண்டையும் பார்த்துவிட்டு அதே காரில் மாலைக்குள் லக்சர் சேரலாம். காரைப் பேசும்போது காத்திருக்கும் நேரத்தையும் சேர்த்துப் பேசுங்கள். கர்க்கதேயை இரண்டு பையில் கட்டி, வெள்ளைத் துணிகளிலிருந்து தள்ளி வையுங்கள். ஈரம் பட்டால் அந்தச் சிவப்பு எந்தச் சோப்புக்கும் போகாது.